உத்தியோகமும் இயற்கையின்பமும்

மக்கள் வாழ்வு இரண்டு அவாக்களுக்கு இடையே நடைபெறுகின்றது. ஒன்று, முயன்று உழைத்துத் தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் காத்தல் வேண்டும் என்பது. மற்றொன்று, மலையையும் ஆற்றையும் மரத்தையும் புள்ளையும் கண்டு களித்துத் திறந்த வெளியில் மனம்போல் உலவுதல் வேண்டும் என்பது. முன்னையதை உலகம் கடமை என்று போற்றுகின்றது; பின்னையதைப் பொழுதுபோக்கு என்று கூறிச் சிறிது இரக்கத்தோடு நோக்குகின்றது. கல்லூரியிற் பயிலும் நாட்களில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதுவதில்லை. வகுப்பு முடிந்தால் குளக்கரை. விடுமுறை வந்தால் மலையடிவாரம். ஆயின், பட்டம் பெற்று வெளியேறும் ஆண்டில் ஒரு வினா நம் ஒவ்வொருவர் முன்னும் வந்து நிற்கின்றது. உத்தியோகம் ஏற்றபின் இயற்கையின்பத்திற்கு வாழ்வில் இடமுண்டோ? உண்டெனின், அவ்விடத்தைத் தேடிக்கொள்வது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடைகாண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்வினா எனக்கு ஏட்டிலிருந்து எழுந்ததன்று, வீட்டிலிருந்து எழுந்தது. அதனை உரிய இடத்திற் கூறுவேன்.

நிலமும் தொழிலும்

தமிழ் பயில்வோர் இவ்வாராய்ச்சியைத் தொடங்குதற்கு ஏற்ற இடம் தொல்காப்பியப் பொருளதிகாரமே. நிலமும் பொழுதும் முதற்பொருள் என வகுத்த ஆசிரியர், அந்நிலத்தில் தோன்றி நிலவுவனவற்றைக் கருப்பொருள் என்றார். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, யாழ் என்பவற்றை எண்ணும்போது, ஆண்டு வாழும் மக்களின் தொழிலையும் அவ்வரிசையிலேயே சேர்த்து எண்ணினார். இதன் கருத்து யாது? வேங்கை மரமும் மயிலும் எவ்வாறு குறிஞ்சிக்கு உரியனவோ, அவ்வாறே தினைப்புனம் காத்தலும் தேன் அழித்தலும் குறிஞ்சிக்கு உரியன. முல்லைக்கு நிரை மேய்த்தலும், மருதத்திற்கு நெல் அரிதலும், நெய்தலுக்கு மீன் பிடித்தலும் உப்பு விளைத்தலும் அங்ஙனமே உரியன. தொழில் என்பது நிலத்தின்கண் முளைத்த ஒன்று.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது மலர்களைப் பெயர் சொல்லி அடுக்கியிருப்பது யாவரும் அறிந்ததே. அம்மலர்களைப் பறித்தவர் யாவர்? தினைப்புனங் காக்கும் வேலையாக அனுப்பப்பட்ட மகளிரே. கிளியோட்டும் வேலைக்கு இடையே அருவியாடினர். அருவியாடியபின் மலர் கொய்தனர். அக்காலத்து மகள் ஒருத்தியிடம் சென்று, வேலைக்கும் வெளிக்கும் பொழுதை எவ்வாறு பகிர்கின்றாய் என்று வினவியிருந்தால், அவளுக்கு வினாவே விளங்கியிராது.

இங்ஙனம் கூறுவதனால் பண்டை வாழ்வு இன்பமே நிறைந்தது என்று யான் வாதிப்பதாக எவரும் கருதவேண்டா. சுறா வழங்கும் கடலிற் சென்ற பரதவனும், கொதிக்கும் மணலில் உப்பு வண்டி செலுத்திய உமணனும், யானைக்கு அஞ்சிப் பரண்மேல் இரவைக் கழித்த குறவனும் பட்ட துன்பங்கள் சங்கச் செய்யுட்களிலேயே பதிந்துள்ளன. அவர்களுக்கு வெளி உறவாகவும் இருந்தது; பகையாகவும் இருந்தது. நாமோ அப்பகையினின்று பெரிதும் நீங்கினோம். அதனோடு அவ்வுறவினின்றும் நீங்கினோம். தொழில் நிலத்தை விட்டுச் சுவர்களுக்குள் சென்று, கதிரவனை விட்டுக் கடிகாரத்தைப் பின்பற்றத் தொடங்கிய காலத்திலேதான் நம் வினா பிறந்தது. ஆகலின், இம்முரண் மனிதன் பிறந்தபோதே உடன்பிறந்ததன்று. வரலாற்றில், அதிலும் அண்மை வரலாற்றில், தோன்றியது. மனிதர் உண்டாக்கியதை மனிதர் ஓரளவேனும் செப்பஞ்செய்தல் கூடும் என்ற நம்பிக்கைக்கு இதுவே அடிப்படை.

இரண்டு வழிகளும் அவற்றின் குறைகளும்

இம்முரணைத் தீர்க்க எண்ணுவோர் பெரும்பாலும் இரண்டு வழிகளுள் ஒன்றை மேற்கொள்கின்றனர். ஒரு சாரார், உத்தியோகத்தை உதறிவிட்டுக் காட்டையே கதியெனக் கொள்ள விழைகின்றனர். மற்றொரு சாரார், உத்தியோகம் முடியட்டும், ஓய்வூதியம் பெறும் காலத்திற் பார்த்துக்கொள்வோம் என்று ஒத்திவைக்கின்றனர்.

முதல் வழி ஒரு சிலர்க்கே பொருந்தும். அவர்க்கும் அது நாம் நினைப்பதுபோல் எளிதன்று. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகனார் மா. கிருஷ்ணன் (1912-1996), நம் நாட்டு இயற்கை நூலாருள் முன்னணியில் நிற்பவர். அவர் சந்தூர் சமஸ்தானத்தில் ஆசிரியப் பணி உள்ளிட்ட பல பொறுப்புக்களில் இருந்தபின், எழுத்தையும் புகைப்படத்தையும் நம்பி வாழலானார். கல்கத்தாவிலிருந்து வெளிவந்த ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950-இல் அவர் எழுதத் தொடங்கிய இயற்கைக் குறிப்புக்கள், 1996-இல் அவர் மறையும்வரை தொடர்ந்து வந்தன. நாற்பத்தாறு ஆண்டுகள் குறித்த தவணையில் கட்டுரை கொடுத்தல் எளிய செயலோ? அலுவலகத்தை விட்டவர் உழைப்பை விட்டவரல்லர். மேசையினின்று தப்பிவிடலாம் என்று கருதிக் காட்டை நாடுவோன், அங்கும் ஒரு மேசை தனக்காகக் காத்திருப்பதைக் காண்பான்.

இரண்டாம் வழியே நம்மிற் பலர் செல்லும் வழி. அதன் முடிவை யான் என் இல்லத்திலேயே கண்டேன். எங்கள் ஊர் தாமிரபருணிக் கரையில், பொதிகை மலைத்தொடரை நோக்கி அமைந்தது. என் தந்தையார் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் புகுந்து 34 ஆண்டுகள் பணியாற்றினார். அவர் நாற்காலிக்குப் பின்னே ஒரு சன்னல். சன்னலுக்கு அப்பால் மலை. யான் சிறுவனாயிருந்தபோது அவருக்குப் பகலுணவு கொண்டுசெல்வேன். உண்டு கைகழுவியபின் அவர் அச்சன்னலருகே நிற்பார். வானம் தெளிந்த நாளாயின், "அதோ தெரிகிறதே, அதுதான் அகத்தியர் மலை. நான் ஓய்வு பெற்ற மறு வருஷமே நீயும் நானும் ஏறிவிட வேண்டும், ஐயா" என்பார். அக்கொடுமுடியின் உயரம் 1,868 மீட்டர் என்பதைப் பூகோளப் பாடத்திற் படிக்குமுன்பே அவர் வாயிலாக அறிந்தேன். ஏறும் வழி, பெறவேண்டிய அனுமதி, எடுத்துச்செல்ல வேண்டிய பொருள்கள் ஆகிய யாவற்றையும் பழைய கோப்பு அட்டை ஒன்றின் உட்புறத்தில் எழுதி வைத்திருந்தார்.

ஓய்வு வந்தது, ஆயின் அதற்கு இரண்டாண்டு முன்னரே முழங்கால் வாதம் வந்துவிட்டது. இன்று வீட்டு வாயிற்படிகள் மூன்றை இறங்குதற்கும் அவர் சுவரைப் பற்றவேண்டியுள்ளது. சென்ற கோடை விடுமுறையில் அவ்வட்டையை என் கையிற் கொடுத்து, "மலை எங்கேயும் போய்விடவில்லை, ஐயா. நான்தான் ஒரு நாளைக் குறிக்காமல் விட்டுவிட்டேன்" என்றார். அவர் குரலிற் புலம்பல் இல்லை. ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இன்னும் ஈராண்டிற்குள் யானும் ஒரு நாற்காலியைத் தேடிச் செல்லவேண்டியவனே. அந்நாற்காலிக்குப் பின்னும் ஒரு சன்னல் இருக்குமன்றோ?

ஆகவே, உத்தியோகத்தில் இருந்துகொண்டே இயற்கையோடு உறவாடியவர் உளரோ என்று நம் நூலகத்தில் தேடத் தொடங்கினேன். பலர் அகப்பட்டனர். அவருள் மூவர் வாழ்வை ஈண்டுச் சற்று விரித்துரைப்பேன்.

சிற்றூர்க் குருவானவர்

இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயரைச் சார்ந்த செல்போர்ன் என்னும் சிற்றூரில் 1720-இல் பிறந்தவர் கில்பர்ட் ஒயிட். ஆக்ஸ்போர்டிற் பயின்றபின், தம் ஊரிலும் அண்டையூர்களிலும் உதவிக் குருவாகப் பணிபுரிந்து, 1793-இல் பிறந்த ஊரிலேயே மறைந்தார். ஆராதனையும் ஞானஸ்நானமும் திருமணமும் அடக்கமுமாகச் சபையின் கடமைகள் அவரை ஓயாது அழைத்தன. நெடுந்தூரம் செல்ல உடலும் இடங்கொடுக்கவில்லை; வண்டியில் ஏறினால் அவருக்குக் குமட்டல் உண்டாகும். தூர தேசங்களை நாடிக் கப்பல்கள் புறப்பட்ட அந்நூற்றாண்டில், அவருக்குக் கிடைத்த உலகம் தம் ஊரும், அதனையொட்டிய குன்றும், தோட்டமுமே.

அவர் செய்ததென்ன? 1751 முதல் தோட்டக் குறிப்பேடு ஒன்றும், 1768 முதல் இயற்கைக் குறிப்பேடு ஒன்றும் எழுதிவந்தார். மழையின் அளவு, காற்றின் திசை, முதற் குயிலின் குரல், தகைவிலான் வந்த நாள், ஆமை மண்ணினின்று வெளிப்பட்ட நாள் என்பன அவற்றுள் இடம்பெற்றன. தனித்தனியே நோக்கின் இவை சிறு செய்திகளே. ஆயின், ஓரிடத்தையே நாற்பது ஆண்டுகள் நோக்கியமையால், உலகஞ் சுற்றியோர் காணாதவற்றை அவர் கண்டார். ஒரே இனமென்று மயங்கத்தக்க மூன்று சிறு குருவிகளைக் குரல் வேறுபாட்டினால் மூன்று இனங்கள் எனப் பிரித்தறிந்தார். அற்பமென்று காலால் மிதிக்கப்படும் மண்புழுவே நிலத்தைத் துளைத்தும் புரட்டியும் பயிர்க்கு ஏற்றதாக்குகின்றது என்று 1777-இல் ஒரு கடிதத்தில் எடுத்துரைத்தார். சார்லஸ் டார்வின் மண்புழுக்களைப் பற்றித் தனிநூல் வெளியிட்டது 1881-இல்தான் என்பதை நினைவிற் கொள்க. நண்பர்க்கு எழுதிய இத்தகைய கடிதங்களின் தொகுப்பே 1789 என்னும் ஆண்டு பொறித்து வெளிவந்த 'செல்போர்ன் இயற்கை வரலாறு'. அந்நூல் இன்றும் அச்சில் உள்ளது.

அவர் வளர்த்த ஆமைக்குத் திமோத்தி என்று பெயர். ஆணென்று கருதப்பட்ட அவ்வாமை பெண்ணென்பது, இருவரும் மறைந்தபின்னரே அறியப்பட்டது. கூர்ந்து நோக்குவோரும் தம் காலடியில் உள்ளதைத் தவறவிடுவர் போலும்! இதனாற் குருவானவர் மதிப்புக் குறைவதில்லை. நம் போன்றோர்க்கு ஊக்கமே மிகுகின்றது.

வங்கியும் எறும்புக் கூடும்

இரண்டாமவர் ஜான் லப்பக் (1834-1913). இவர் தந்தையார் லண்டன் நகரில் வங்கி நடத்தியவர். அவர்க்குத் துணையாகப் பள்ளிப் படிப்பை இடையிலே நிறுத்தி, ஏறத்தாழப் பதினைந்தாம் வயதிலேயே மைந்தர் வங்கிக்குட் புகுந்தார். எனவே, பல்கலைக்கழகக் கல்வி இவருக்கு வாய்க்கவில்லை. ஆயினும் ஒரு நற்பேறு வாய்த்தது. 1842-இல் டார்வின் குடியேறிய டவுன் என்னும் ஊர் இவர்கள் வீட்டிற்கு அண்மையில் இருந்தது. எட்டு வயதுச் சிறுவனாக இருந்தபோது கிடைத்த அவ்வயலார், பின்னர் ஆசிரியரும் நண்பருமாயினார்.

பகலில் கணக்கும் கடன்சீட்டும், வீட்டில் எறும்பு. இரு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே மண்ணிட்டு எறும்புக் கூடு அமைத்து, எறும்புகளின் உடலிற் சிறு வண்ணப் புள்ளியிட்டு அடையாளம் வைத்து, ஒவ்வொன்றின் செயலையும் நேரம் குறித்து எழுதினார். மனிதர் கண்ணுக்குப் புலப்படாத ஊதாக்கடந்த ஒளியை எறும்புகள் உணர்கின்றன என்று சோதனையாற் காட்டினார். ராணி எறும்பொன்று இவர் கூட்டில் பதினான்கு ஆண்டுகளுக்குக் குறையாது உயிர்வாழ்ந்தது. வேட்டைக்காரனும் மலையேறியும் ஆண்டுக்கு ஒருமுறை தேடிச்செல்லும் இயற்கையை, இவ்வங்கியாளர் நாள்தோறும் தம் அறையிலேயே கண்டார். 1882-இல் வெளிவந்த 'எறும்புகள், தேனீக்கள், குளவிகள்' என்னும் நூல் இவ்வுழைப்பின் பயன்.

இவர் செய்த மற்றொரு செயலையே யான் பெரிதாக மதிக்கின்றேன். 1870-இல் பாராளுமன்ற உறுப்பினரான இவர், அடுத்த ஆண்டிலேயே வங்கி விடுமுறைச் சட்டத்தை நிறைவேறச் செய்தார். இங்கிலாந்தில் ஈஸ்டரை அடுத்த திங்கள், பெந்தெகொஸ்தேயை அடுத்த திங்கள், ஆகஸ்டு மாத முதல் திங்கள், கிறிஸ்துமஸை அடுத்த நாள் ஆகிய நான்கும் விடுமுறையாயின. வங்கிகளுக்கென்று எழுதப்பட்ட சட்டமாயினும், கடைகளும் தொழிற்சாலைகளும் அந்நாட்களைப் பின்பற்றலாயின. கடற்கரையையும் வயல்வெளியையும் காணச் சென்ற மக்கள், அந்நாட்களைப் 'புனித லப்பக்கின் திருநாட்கள்' என்று அன்போடு நகையாடி அழைத்தனர். தாம் நுகர்ந்த இன்பத்திற்குப் பொழுது வேண்டும் என்பதை உணர்ந்தவர், அப்பொழுதைப் பிறர்க்கும் பெற்றுத் தந்தார்.

வேதியியல் ஆசிரியரும் காட்டு மலரும்

மூன்றாமவர் நம் நாட்டில், நம்மைப் போன்றதொரு கல்லூரியில் வாழ்ந்தவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் வேதியியற் பேராசிரியராய் இருந்த எட்வர்ட் பார்ன்ஸ், தாவரங்களின்மேற் பெருவிருப்பம் உடையவர். தாவரவியல் அவர் பாடமன்று. அதனால் அவருக்கு ஊதிய உயர்வும் இல்லை. விடுமுறைகளில் தென்னாட்டு மலைகளில் உலவி, சேம்புக் குடும்பத்தைச் சார்ந்ததும் பாம்பின் படம் போன்ற மடலையுடையதுமான ஒரு செடியினத்தைத் தனியே ஆராய்ந்தார். அவ்வினத்துள் ஒரு செடிக்கு அவர் பெயரையே தாவர நூலார் இட்டுள்ளனர்.

அக்கல்லூரி 1937-இல் நகரின் நெருக்கத்தினின்று தாம்பரத்திற்குப் பெயர்ந்தது. புதிய நிலத்தில் எங்கெங்கே எம்மரம் நிற்கவேண்டும் என்று தேர்ந்து நட்டு வளர்த்ததில் பார்ன்ஸுக்கும் அவர் துணைவியார் ஆலிஸ் பார்ன்ஸுக்கும் பெரும்பங்கு உண்டு. இயற்கையின்பம் நுகர்வோர் அதனை நாடிச் செல்வதோடு நில்லாமல், தாம் வேலை செய்யும் இடத்திற்கே அதனை அழைத்துக்கொண்டு வரவும் கூடும் என்பதற்கு அம்மரங்கள் சான்று பகர்கின்றன.

பணியே வழியாதல்

வேறு சிலர்க்கு உத்தியோகமே வெளிக்குச் செல்லும் வழியாக அமைந்தது. சென்னை மாகாணப் படையில் மருத்துவராயிருந்த தாமஸ் ஜெர்டன், படையோடு ஊர் மாறும்போதெல்லாம் ஆங்காங்குள்ள பறவைகளை ஆராய்ந்து, 1862 முதல் 1864 வரையிற் 'இந்தியப் பறவைகள்' என்னும் நூலை வெளியிட்டார். இந்திய அஞ்சற் பணியிற் புகுந்து தமிழகத்தின் தலைமை அஞ்சல் அதிகாரியாக ஓய்வு பெற்ற சு. தியடோர் பாஸ்கரன், பணிக்காலத்திலேயே காட்டுயிர்களைப் பற்றி ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதத் தொடங்கியவர். குன்னூரில் வழக்கறிஞராயிருந்த எ. ரெ. சே. டேவிதார், மலைமுகடுகளில் நடந்து வரையாடுகளைக் கணக்கெடுத்தார்; ஒரு காட்டினின்று மறுகாட்டிற்கு யானைகள் செல்லும் வழித்தடங்களைக் காக்கவேண்டும் என்று நம் நாட்டில் முற்பட வற்புறுத்தியோருள் ஒருவரும் ஆனார். ஊர் மாற்றத்தைத் தண்டனையென்று நோவோர் பலர். அதனைப் புதிய நிலத்திற்கு வந்த அழைப்பென்று கொள்வோர் சிலர். வேறுபாடு உத்தரவில் இல்லை, உள்ளத்தில் உள்ளது.

ஓய்வு எவர்க்கு?

இதுவரை எழுதியதை என் தமக்கையாரிடம் படித்துக் காட்டினேன். அவர் மருத்துவமனை ஒன்றில் செவிலியராகப் பணிபுரிகின்றார். மாதத்திற் பாதி நாள் இரவுப்பணி. அமைதியாகக் கேட்டிருந்தவர், "எல்லாம் நன்றாயிருக்கிறது, தம்பி. ஆனால் நீ விடியற்காலையில் தனியாக ஆற்றங்கரைக்குப் போகலாம், நான் போகமுடியுமா? வங்கி முதலாளிக்கு எறும்பு பார்க்க நேரமுண்டு; வங்கியைக் கூட்டுகிறவளுக்கு உண்டா?" என்று வினவினார். என்னால் உடனே விடை கூற இயலவில்லை. கட்டுரையின் இப்பகுதி அவர் வினாவிற்குக் கடன்பட்டது.

உண்மையாதெனின், இயற்கையை நுகர மனம் மட்டும் போதாது. பொழுதும் உரிமையும் வேண்டும். அவை தாமே வந்தவையல்ல. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்து ஆலைகளைச் சூழவிருந்த குடியிருப்புக்களுக்கு அப்பால் பரந்த மேட்டுநிலங்கள் உண்டு. ஆயின் அவற்றிற் பெரும்பகுதி, செல்வர்கள் பறவை வேட்டையாடுவதற்கென்று அடைக்கப்பட்டிருந்தது. 1932-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பெரும்பாலும் இளந்தொழிலாளராகிய சில நூற்றுவர் தடையை மீறிக் கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டின்மேல் நடந்து சென்றனர். காவலரோடு கைகலப்பு நேர்ந்தது. ஐவர் சிறை சென்றனர். அவர்கள் வேண்டியது நிலமன்று. ஒருநாள் நடப்பதற்கு வழி. 1949-இல் தேசியப் பூங்காக்களுக்கும் நாட்டுப்புற வழிகளுக்கும் உரிய சட்டம் அந்நாட்டில் நிறைவேறியது. 1951-இல் முதன்முதலாக நிறுவப்பட்ட தேசியப் பூங்கா அம்மேட்டையும் உள்ளடக்கியதே. நம் நாட்டிலும், 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்திற்கு 48 மணி நேரத்திற்கு மேற்படாமல் வேலையை வரையறுத்து, வாரந்தோறும் ஒரு நாள் ஓய்வும் வகுத்தது.

ஆகவே, பொழுது வாய்த்தவன் அதனை வீணாக்காதிருத்தல் ஒரு கடமை. பொழுது வாய்க்காதவர்க்கு அது வாய்க்கச் செய்தல் மற்றொரு கடமை. நாளை நம்மிற் சிலர் பிறரை வேலைவாங்கும் நிலையில் அமர்வோம். அன்று நம்கீழ்ப் பணிபுரிவோர் வார ஓய்வைக் கேட்குமுன் கொடுத்தல், லப்பக்கின் மாணாக்கர்க்கு அழகாம். பெண்டிர் அச்சமின்றி உலவத்தக்க பூங்காவும் குளக்கரையும் இல்லாத ஊரில், ஆடவர் நுகரும் இயற்கையின்பம் பாதியின்பமே. என் தமக்கையார் இரவுப்பணி முடிந்து வெளிவரும்போது, மருத்துவமனை வாயிலில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தின் இலைகள் விரிவதைச் சிறிது நேரம் நின்று காண்பாராம். "இலை விரிந்ததும் எனக்குத் தூக்கம் வந்துவிடும், அதற்கும் எனக்கும் பணி மாற்றிக்கொள்கிற நேரம்" என்று நகைத்தார். அவ்வளவே தமக்கு வாய்த்தது என்பதை அவர் மறைக்கவில்லை. வாய்த்ததை விடவும் இல்லை.

நமக்குரிய நெறிகள்

மேற்கூறியோர் வாழ்வினின்று நாம் கொள்ளத்தக்கன நான்கு.

முதலாவது, அண்மையிலுள்ள ஓரிடத்தைத் தேர்ந்துகொள்ளல். ஆண்டிற்கு ஒருமுறை காணும் பெருமலையினும், அரைமணி நடையில் உள்ள சிறு குளம் சிறந்த ஆசிரியனாகும். பெருமலை வியப்பைத் தரும். குளமோ மாறுதலைக் காட்டும். மலையைக் காணவேண்டா என்பது என் கருத்தன்று. குளத்திற் பழகிய கண்ணே மலையிலும் நன்கு காணும்.

இரண்டாவது, நாளையும் நேரத்தையும் குறித்தல். ஓய்வு கிடைக்கும்போது செல்வோம் என்பான் செல்லான். உத்தியோகத்திற்கு மணி குறித்தது போலவே இதற்கும் மணி குறித்தல் வேண்டும். என் தந்தையார் வழியை அறிந்திருந்தார், பொருள்களை எழுதினார், நாளை மட்டும் எழுதவில்லை.

மூன்றாவது, குறிப்பேடு. கண்டதை எழுதாதவன் இரண்டாம் ஆண்டில் முதலாண்டை மறந்துவிடுகின்றான். எழுதுவோனுக்கு ஆண்டுகள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கிய தட்டுக்களாகின்றன. ஒயிட்டின் பெருமை முழுவதும் இவ்வொரு பழக்கத்தில் அடங்கியது.

நான்காவது, உத்தியோகத்தை வஞ்சியாமை. அலுவல் நேரத்தைத் திருடி ஆற்றங்கரை செல்வோன் இரண்டிடத்தும் அமைதி காணான். ஊதியம் தருவோர்க்கு உரிய பொழுதை முழுவதும் தந்தவனே, எஞ்சிய பொழுதைத் தனதென்று உரிமையோடு கொள்வான். அதுபோலவே, உரிய பொழுதுக்கு மேல் உழைப்பைக் கேட்கும் உத்தியோகத்திற்கு ஓரெல்லை கூறும் துணிவும் வேண்டும். முன்னது நேர்மை; பின்னதும் நேர்மையே.

முடிவுரை

பிறர்க்கு நெறி கூறுவோன் தானும் ஒழுகிக் காட்டல் வேண்டுமன்றோ? கல்லூரி திறந்த நாள்முதல், விடுதிக்கு அண்மையிலுள்ள குளத்திற்கு நாள்தோறும் காலை ஆறுமணிக்குச் சென்று அரைமணி நேரம் இருந்து வருகின்றேன். தேர்வு நாட்களிற் பதினொரு நாள் செல்லவில்லை. குறிப்பேட்டில் அவ்வெற்றிடங்களை அப்படியே விட்டுவைத்துள்ளேன். புரட்டாசி இறுதியில் மஞ்சள் வாலாட்டிகள் வந்தன. ஐப்பசி மழையில் குளம் பெருகியபின் நாமக்கோழிகள் கூடின; ஒருநாள் நாற்பத்திரண்டு எண்ணினேன். இவற்றால் என் பாடத்திற்குக் குறை நேர்ந்ததில்லை. கருப்பொருள் வகுப்பில் ஆசிரியர் நெய்தற் பறவைகளை விளக்கியபோது, நீர்ப்பறவைகளின் பெயர்கள் முதன்முறையாக எனக்கு உயிரோடு விளங்கின.

வாரந்தோறும் அக்குறிப்புக்களைத் தந்தையார்க்கு எழுதி அனுப்பினேன். ஒரு மாதம் வரையில் அவர் அதைப்பற்றி ஒன்றும் எழுதவில்லை. பிறகு ஓர் அஞ்சலட்டை வந்தது. அலுவலகக் கோப்புக்களில் 34 ஆண்டுகள் எழுதிப் பழகிய அதே சீரான கையெழுத்து: "திண்ணையிலிருந்து பார்த்தது. மின்கம்பியில் பஞ்சுருட்டான் ஐந்து. மழை விட்டு மலை தெளிவாகத் தெரிந்தது. காலை 7.10." அதன்பின் வாரம் தவறாமல் அட்டை வருகின்றது. சென்ற வாரம் பஞ்சுருட்டான் ஏழு.

அவர் தந்த கோப்பு அட்டை என் மேசைமேல் உள்ளது. அதன் அடியில், வெற்றிடமாக இருந்த இடத்தில், அனுமதி கிடைக்கும் பருவத்தை விசாரித்து, வரும் விடுமுறையில் ஒரு நாளைக் குறித்துள்ளேன். கண்டதையெல்லாம் எழுதிக்கொண்டு வந்து திண்ணையில் அமர்ந்து படித்துக் காட்டுவதாக அவருக்கு வாக்களித்துள்ளேன். அவர் கால் ஏறாத மலையை அவர் செவியேனும் ஏறட்டும்.

நண்பர்களே, இவ்வாண்டு நம்மை விட்டுப் பிரிந்து உத்தியோகம் ஏற்கும் மூத்தோர்க்கும், பின்னர்ச் செல்லவிருக்கும் நமக்கும் யான் வேண்டிக்கொள்வது ஒன்றே. புதிய ஊரில் அறை தேடும் நாளிலேயே, அதற்கு அரைமணி தூரத்தில் ஒரு மரத்தையோ குளத்தையோ குன்றையோ தேடிக்கொள்ளுங்கள். முதற் சம்பளத்தில் ஒரு குறிப்பேடு வாங்குங்கள். அதன் முதற் பக்கத்தில் வேறெதனையும் எழுதுமுன் ஒரு நாளைக் குறியுங்கள்.